பொங்கல் இட்ட வடு

ஊரிலே தைப்பொங்கல் என்றால் முற்றத்தை மெழுகிக் கோலமிட்டு, அடுப்புக் கல் மூன்று வைத்து, பால் பொங்கி வழிவதைக் காணக் காத்திருப்போம். சென்ற ஆண்டுப் பொங்கலுக்கோ நாம் ரொறொன்ரோவில் மகள் வீட்டில் இருந்தோம். வெளியே முழங்காலளவு பனி. ஆதலின் குசினியிலிருந்த கண்ணாடிப் பீங்கான் மின்னடுப்பின் மேலேயே பொங்கினோம்.

பால் பொங்கியது, மகிழ்ந்தோம். அரிசியும் பயறும் வெந்தபின் சர்க்கரை இட்டோம். பேரப்பிள்ளைகளோடு கதைத்திருந்த பராக்கிலே பாகு வழிந்து அடுப்பிற் பரவிவிட்டது. ஆறியபின் துடைக்கலாம் என்று விட்டோம். படைத்து, உண்டு, திரும்பி வந்தபோது அது கல்லாய் இறுகிக் கிடந்தது. பழைய பழக்கத்தில் இரும்புத் தும்பால் உரஞ்சினோம். பாகு போயிற்று, கூடவே கண்ணாடியும் செதில் செதிலாய்ப் பெயர்ந்திருந்தது. சுற்றிலும் கீறல்கள்.

"அம்மா, அதை விடுங்கோ. பால் நல்லாய்ப் பொங்கினதே காணும்" என்றாள் மகள். அவள் முகத்தைப் பார்க்க எமக்குத் துணிவு வரவில்லை. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய அடுப்பல்லவா?

பின்னரே விடயத்தை அறிந்தோம். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கோர்னிங் நிறுவனத்தில் டொனால்ட் ஸ்டூக்கி என்னும் ஆய்வாளர் ஒரு கண்ணாடித் துண்டைச் சூளையில் வைத்தார். 600 பாகை இருக்கவேண்டிய வெப்பம் தவறுதலாக 900 பாகைக்கு ஏறிற்று. வெளியே எடுக்கையில் கைதவறி விழுந்தும் அது உடையவில்லை. கண்ணாடிப் பீங்கான் பிறந்த கதை இதுவே. அடுப்புக்கென ஆக்கப்படும் வகை, சூட்டினால் விரிவதே இல்லை எனலாம். உருகிய சீனியோ அதனைப் பற்றிக்கொண்டு, ஆறும்போது சுருங்கி, மேற்பரப்பையும் பெயர்த்துவிடுகிறது.

ஆகவே இனிப்பு வழிந்தால் ஆறவிடலாகாது. அடுப்பை நிறுத்திப் பாத்திரத்தை அகற்றி, தடித்த கையுறை அணிந்து, நீண்ட பிடியுள்ள அலகுச் சுரண்டியைச் சாய்வாகப் பிடித்துச் சூட்டோடு வழித்தெடுக்க வேண்டும். மற்றைய கறைகளை, சூடு காட்டும் சிவப்பு விளக்கு அணைந்தபின், அதற்குரிய பசையிட்டு மென்துணியால் துடைக்கலாம். நீர்க் கறைக்குச் சிறிது வினாகிரி போதும். இரும்புத் தும்பும் கரகரப்பான தூளும் வேண்டாம். பாத்திரத்தின் அடியைத் துடைத்து வையுங்கள், இழுக்காது தூக்குங்கள். அலுமினியச் சட்டியை இழுத்தால் சாம்பல் நிறக் கோடு விழும். வெடிப்புக் கண்டாலோ, மின்னைத் துண்டித்துச் சமையலை நிறுத்திவிடுங்கள்.

இவ்வாண்டுப் பொங்கலன்று மகள் தொலைபேசியிலே தன் குசினியைக் காட்டினாள். பானையருகே சுரண்டி ஆயத்தமாய் இருந்தது. அப்பால் அந்த வடுவும் தெரிந்தது. "அது அம்மம்மா பொங்கின இடம்" என்று பேத்தி விரலால் தொட்டுக் காட்டினாள். நாம் சிரித்துவிட்டோம், கண் கலங்கியதையும் மறைப்பதற்கில்லை.