முன் சீட்டுக்காரன்

என்னுடைய 1984 மாடல் பத்மினி கார், எங்கள் வாய்க்கு ஃபியட். அதன் முன் சீட்டு பெஞ்சு மாதிரி நீளமானது. கியர் ஸ்டீயரிங் ஓரமாகவே இருப்பதால் நடுவில் தடை ஒன்றும் கிடையாது. அந்த இடத்துக்கு வீட்டில் போட்டி இருந்தது. சொக்கன் வந்த பிறகு இல்லை. ஒரு மழைநாளில் எங்கள் போர்ட்டிகோவில் ஒதுங்கிய தெருநாய்க் குட்டி. இப்போது சாவிச் சத்தம் கேட்டாலே முன்கதவுப் பக்கம் போய் நிற்பான்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோவளம் தாண்டி ஒரு காலி மனையில் பழைய கார்க்காரர்கள் கூடுவதாகச் சேதி வந்தது. பந்தயம், பரிசு எதுவும் இல்லை. வண்டியை நிறுத்து, பானெட்டைத் திற, டீ குடி, அவ்வளவுதான். இரண்டு நாள் உட்கார்ந்து பம்பரைத் தேய்த்தேன்.

“அவனை எதுக்கு இழுத்துட்டுப் போறீங்க?” என்றாள் மனைவி.

“பாவம், நாலு இடம் பார்க்கட்டுமே” என்றேன். உண்மைக் காரணம் வேறு. முன்பின் தெரியாதவர்களிடம் நானாகப் போய்ப் பேச எனக்கு வராது. நாய் பக்கத்தில் இருந்தால் அவர்களே வருவார்கள்.

வந்தார்கள். “கடிக்குமா சார்?” என்று தொடங்கி, “பேர் என்ன?” என்று குனிந்து, அதன் பிறகே நிமிர்ந்து என் வண்டியைப் பார்த்தார்கள், சிலர் நிமிரவே இல்லை.

இரண்டு அம்பாசிடர், ஒரு கான்டெஸா, ஓரத்தில் வெண்ணெய் நிறத்தில் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. ஹெரால்டு நம் சென்னைத் தயாரிப்பு. இங்கிலாந்தில் அதற்கு இரண்டே கதவு. மாமியாரைப் பின் சீட்டில் எப்படி ஏற்றுவது என்று யோசித்தார்களோ என்னவோ, நாலு கதவு வைத்தது இங்கேதான். பானெட்டும் மட்கார்டும் ஒரே துண்டு. உரிமையாளர் கொக்கியை விடுவித்துத் தூக்கியதும் மூஞ்சி முழுவதும் முன்பக்கமாகக் கவிழ்ந்தது. நாங்கள் எஞ்சினைப் பார்க்க நெருங்கினோம். சொக்கன் இரண்டு எட்டு பின்னால் போனான்.

அவனுக்கு வேண்டியது எஞ்சின் இல்லை, டயர். டீக்கடை பெஞ்சில் தினத்தந்தியை வரி விடாமல் படிக்கிறவர் மாதிரி ஒவ்வொரு சக்கரமாக மோந்துகொண்டு வந்தான். எந்தெந்த ஊர்த் தெருவில் உருண்டு வந்ததோ, எந்த நாய் அதில் என்ன எழுதி வைத்ததோ! பதில் எழுதக் காலைத் தூக்கும்போதெல்லாம் சங்கிலியை இழுத்தேன். மாதக்கணக்கில் தேய்த்துப் பளபளப்பாக்கிய வீல்கப் அது, ஊரார் சொத்து.

அப்படி இழுத்துப் போகையில்தான், ஒரு புது மாடல் காருக்கு அடியில் பச்சையாகத் தேங்கியிருந்ததை நக்கக் குனிந்தான். கூலன்ட். என் ஃபியட்டில் வெறும் தண்ணீர் ஊற்றுகிற எனக்கு அந்த நினைப்பே வரவில்லை. பக்கத்தில் நின்றவர்தான் கத்தினார். பெரும்பாலான கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். கொஞ்சம் உள்ளே போனாலும் நாயின் சிறுநீரகத்தைத் தீர்த்துவிடும். மூக்கு நுனியாவது நனைந்ததா என்று துண்டால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். நனையவில்லை. என் கைதான் நடுங்கிக்கொண்டிருந்தது.

எட்டு மணிக்கு இளவட்டங்கள் நாலைந்து பேர் வந்தார்கள். ஒரு வண்டியின் சைலன்சரை மாற்றியிருந்தார்கள். நின்ற இடத்திலேயே ஆக்ஸிலேட்டரை மிதித்து மிதித்து விட்டார்கள். சொக்கன் கொட்டாவி விட்டான். இன்னொன்று. விடியற்காலையில் எழுப்பிவிட்டோம், தூக்கம் என்று நினைத்தேன்.

ஹெரால்டுக்காரர் உற்றுப் பார்த்தார். “தம்பி, அது தூக்கம் இல்ல. பயம். வாலைப் பாருங்க.”

வால் வயிற்றோடு ஒட்டியிருந்தது. காது பின்னால் படிந்திருந்தது. ஒன்றும் இல்லாத உதட்டை நக்கிக்கொண்டே இருந்தான். மனிதக் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸோடு கதவு சாத்திவிடும். நாய்க்கு 45,000 வரை திறந்திருக்கும். நமக்கே காது அடைக்கிற சத்தம் அவனுக்கு என்னவாக இருந்திருக்கும்? மூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அவன் கொட்டாவியை நான் தப்பாகவே படித்திருக்கிறேன்.

வெயிலும் ஏறியது. புறங்கையைத் தார் ரோட்டில் வைத்தேன். ஐந்து எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன். “வண்டியில போட்டுப் பூட்டுங்க, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி விட்டா போதும்” என்றார் ஒருவர், நல்ல மனதோடுதான். போதாது. மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் சூடு பத்து டிகிரி ஏறிவிடும். விரற்கடை இடைவெளியால் பெரிதாக ஒன்றும் குறையாது. நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கும். நாய்க்கு உள்ளங்காலில் மட்டும் கொஞ்சம். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் ஆற்றிக்கொள்ள வேண்டும்.

குரூப் போட்டோவுக்கு முன்பே கிளம்பினோம். முக்கோணக் கண்ணாடியைத் திறந்துவிட்டதும் மூக்கை அதில் பொருத்திக்கொண்டான். முட்டுக்காடு பாலத்தில் உப்பங்காற்று அடிக்க, அரைக்கண் மூடியது. இந்தத் தடவை தூக்கம்தான்.

மாலையில் வாட்ஸ்அப்பில் படங்கள் வந்தன. சொக்கன் பதினொன்றில் இருந்தான். என் ஃபியட் ஒன்றில்: அவன் காதுக்குப் பின்னால் அரை மட்கார்ட். அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கூப்பிட்டவர் எடுத்த எடுப்பில், “சொக்கனைக் கூட்டிட்டு வர்றீங்கல்ல?” என்றார்.

போர்ட்டிகோவை எட்டிப் பார்த்தேன். எண்ணெய் சொட்டும் இடத்தை மட்டும் பார்த்து விலக்கிவிட்டு, ஃபியட்டுக்கு அடியில் நீட்டிப் படுத்திருந்தான்.

“நான் மட்டும் வர்றேன்” என்றேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை.