ஊருக்கு ஓர் ஆகாயம்

"ஆகாயம் எங்கும் ஒன்றுதானே? அதைப் பார்ப்பதற்கு ரயில் சார்ஜ் கொடுத்துக்கொண்டு போவானேன்?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். குடும்பஸ்தன் எவனும் இத்தகைய கேள்விக்குத் தக்க பதில் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. நானும் சொல்லாமல் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

முதலில் போன இடம் வெகு தூரமில்லை. எங்கள் திருத்துறைப்பூண்டியிலிருந்து பஸ் ஏறினால் வேதாரண்யம். அதற்கு அப்பால் அகஸ்தியம்பள்ளி. 1930 ஏப்ரலில் ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து கால்நடையாக வந்து, வெள்ளைக்காரச் சர்க்காரின் சட்டத்தை மீறி உப்பு அள்ளிய பிரதேசம் இது. நான் போனதும் ஓர் ஏப்ரல் மாதந்தான். மலை இல்லை, மேடு இல்லை. உப்புப் பாத்திகள் கண்ணாடித் துண்டுகளைப் பரப்பியதுபோல் அடிவானம் வரை கிடக்கின்றன. ஆகாயம் தலைக்கு மேலே பாதி, காலடியிலே பாதி. ஆனால் அந்த ஆகாயத்தில் நல்ல நீலத்தைத் தேடினால் கிடைக்காது. உச்சியில் மட்டும் சற்று நீலம். இறங்க இறங்க வெளுத்து, அடிவானத்தில் நீர்மோர் நிறமாகிவிடுகிறது.

மாலையில் மேற்கே மேகம் திரண்டது. பாத்தி ஓரத்தில் உப்பை வாரிக் குவித்துக்கொண்டிருந்த முதியவரிடம், "நன்றாகக் கறுத்திருக்கிறதே, மழை வரும் போலிருக்கிறது!" என்றேன், ஏதோ நல்ல செய்தி சொல்வதாக நினைத்துக்கொண்டு.

"அப்படிச் சொல்லாதீங்க, ஐயா! ஒரு மழை பெய்ஞ்சா விளைஞ்ச உப்பெல்லாம் கரைஞ்சு போயிடுமே!" என்றார். சொல்லிவிட்டு, கீற்று எடுத்துக் குவியலை மூடப் போய்விட்டார்.

மழை பெய்யவில்லை. மறுநாள் திருத்துறைப்பூண்டிக்குத் திரும்பினேன். கடைத்தெருவில் ஒரு விவசாயி மற்றொருவரிடம், "எவ்வளவு கருக்கல் கூடிச்சு! பாவி மழை, பெய்யாமப் போயிடுச்சே! ஒரு உழவுக்கு ஆகியிருக்கும்" என்று அங்கலாய்த்துக்கொண்டிருந்தார். இருவரும் பார்த்தது ஒரே மேகத்தைத்தான். ஒருவர் கும்பிட்டு அழைத்தார். மற்றவர் கும்பிட்டு விரட்டினார். மேகத்தின் நிலைமை எனக்குப் பரிதாபமாயிருந்தது.

அகஸ்தியம்பள்ளியில் நான் தங்கிய அந்த இரவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேகம் கலைந்த பிறகு தென்மேற்கில் ஒரு பெரிய நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்தது. அதுதான் அகஸ்திய நட்சத்திரம். சிவபெருமான் திருமணத்தின் பாரத்தால் வடக்கே தாழ்ந்த பூமியைச் சமப்படுத்த அகஸ்தியர் தெற்கே வந்தார் என்பதும், அந்தத் திருமணக் காட்சியை இந்தத் தலத்திலிருந்தே கண்டார் என்பதும் புராணம். வடக்கே திரும்பினால் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து பத்துப் பாகை உயரத்தில், பனை மட்டைகளுக்கிடையே ஒளிந்து விளையாடுகிறது.

இங்கே வானம் வெளுத்திருப்பதற்குக் காரணம் எளிது. காற்றின் நுண்ணிய அணுத்திரள்கள் சூரிய ஒளியில் நீலத்தையே அதிகமாகச் சிதறடிக்கின்றன. அதனால் ஆகாயம் நீலமாயிருக்கிறது. கடலோரக் காற்றிலுள்ள நீர்த்திவலைகளும் உப்புத் துகள்களும் அவற்றைவிடப் பெரியவை. எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே அவை சிதறடிப்பதால் வெண்மை உண்டாகிறது. கடலின் நீலம் ஆகாயத்தின் பிரதிபலிப்பே என்று பெரிய விஞ்ஞானிகளும் சொல்லிவந்த காலத்தில், 1921ல் கப்பல் பிரயாணம் செய்த நம் ஸி. வி. ராமன், 'அல்ல, நீரே ஒளியைச் சிதறடிக்கிறது' என்று நிரூபித்தார். அந்த ஆராய்ச்சியின் வழியே சென்றுதான் 1930ல் அவர் நோபெல் பரிசை அடைந்தார். உப்பளத்தில் சட்டம் மீறிய அதே வருஷம்!

மே மாதத்தில் கோடைக்கானலுக்குப் போனேன். ஏரியையும் கூட்டத்தையும் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். நான் ஏறியது வானாராய்ச்சி நிலையம் இருக்கும் குன்றுக்கு. உயரம் ஏறக்குறைய 7,700 அடி. பூமியைச் சூழ்ந்த காற்றில் கால் பங்கு நம் காலுக்குக் கீழே போய்விடுகிறது. காலை வேளையில், மூடுபனி ஏறுவதற்கு முன், உச்சி வானம் காக்கட்டான் பூவின் நிறம்.

இந்த நிலையம் பிறந்த கதை கசப்பானது. 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியைப் பஞ்சம் வாட்டியது. தானியம் கப்பலேறிக்கொண்டிருக்க, ஜனங்கள் லட்சக்கணக்கில் மடிந்தார்கள். சூரியனைக் கவனித்தால் மழை பொய்ப்பதை முன்கூட்டி அறியலாம் என்ற யோசனை அதன் பிறகு பலப்பட்டு, 1899ல் இங்கே நிலையம் அமைந்தது. பஞ்சத்தின் காரணத்தைச் சூரியனில் தேடினார்கள். லண்டனில் தேடியிருந்தால் செலவு குறைந்திருக்கும். ஆனால் நூறு ஆண்டுகளுக்கு மேலாக இங்கே எடுத்த சூரியப் படங்கள் இன்று உலகத்துக்கே பொக்கிஷம் என்பதையும் சொல்லாமலிருக்கக் கூடாது.

செப்டம்பரில், மனைவியிடம் மறுபடியும் பதில் சொல்லாமல், லடாக்குக்குப் புறப்பட்டேன். லே நகரத்திலிருந்து சிந்து நதியை ஒட்டி ஒரு நாள் முழுவதும் போனால் ஹான்லே கிராமம் வருகிறது. பத்தடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. அருகிலுள்ள குன்றின்மேல், ஏறக்குறைய 14,700 அடி உயரத்தில், நம் சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய தொலைநோக்கி 2001 முதல் வேலை செய்கிறது. அதை இயக்குகிறவர்கள் பெங்களூருக்கு அருகிலுள்ள ஹொஸகோட்டேயில் உட்கார்ந்திருக்கிறார்கள். மூச்சு வாங்காமல் வேலை செய்ய நல்ல உபாயந்தான்!

பகலில் அந்த ஆகாயத்தை நீலம் என்பதா, கறுப்பு என்பதா? காற்றில் ஈரமும் இல்லை, தூசியும் அதிகமில்லை. வெகு தூரத்து மலையும் கத்தியால் நறுக்கியதுபோல் தெரிவதால், 'இதோ போய்விட்டு வரலாம்' என்று ஏமாந்துபோவோம்.

இருட்டியதும், நான் தங்கியிருந்த வீட்டு அம்மாள் ஜன்னல்களுக்குக் கனமான திரைகளை இழுத்துவிட்டாள். கையிலிருந்த டார்ச்சைப் பொருத்திக்கொண்டு வாசலுக்குப் போனேன். காலையில் சிரித்த முகத்துடன் "ஜூலே" என்று வரவேற்றவள், இப்போது முகம் சிவக்க ஓடிவந்து அதை அணைக்கச் சொன்னாள். 2022ல் இந்த வட்டாரம் இருள் வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. வெளிச்சம் மேலே சிதறாமல் விளக்குகளுக்கு மூடி போடுகிறார்கள். கிராமத்து இளைஞர்களும் பெண்களும் பயிற்சி பெற்று, தொலைநோக்கியில் வருவோருக்கு வானம் காட்டிச் சம்பாதிக்கிறார்கள். உப்பளத்துக்காரர் உப்பைக் கீற்றால் மூடுவதுபோல் இவர்கள் தங்கள் இருட்டை மூடிக் காக்கிறார்கள்.

அன்றிரவு பார்த்ததை வர்ணிக்க எனக்குத் திறமை போதாது. நட்சத்திரக் கூட்டத்தில் எனக்குப் பழக்கமானவற்றையே அடையாளம் காண முடியவில்லை. துருவன் முப்பத்துமூன்று பாகை உயரத்தில் நின்றதால் கழுத்தை நிமிர்த்திப் பார்க்கவேண்டியிருந்தது. விடியற்காலையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு அகஸ்தியரைத் தேடினேன். இந்த ஊரில் அவர் தென் அடிவானத்துக்கு மேல் ஐந்து பாகை கூட ஏறுவதில்லை. நான் நின்ற இடத்திலிருந்து மலை அவரை மறைத்துவிட்டது. தெற்கே போனவர் போனவர்தான்.

ஊருக்குத் திரும்பிய மறு வாரம், இரவு எட்டு மணிக்கு மின்சாரம் நின்றது. எங்கள் தெரு முனையிலுள்ள உயர்ந்த கம்பத்து விளக்கும் அணைந்தது. எல்லோரும் விசிறியுடன் மொட்டை மாடிகளில் ஏறி மின்சார இலாகாவைத் திட்டத் தொடங்கினார்கள். அண்டை வீட்டுச் சிறுமி மாத்திரம் அண்ணாந்து பார்த்து, "தாத்தா, மேலே என்ன புகை?" என்று கேட்டாள்.

"புகையில்லை, அம்மா, அது பால்வீதி. எல்லாம் நட்சத்திரம்."

"நேற்று ஏன் இல்லை?"

நான் வாயைத் திறப்பதற்குள் விளக்கு வந்துவிட்டது. தெரு முழுவதும் "ஆ!" என்று சந்தோஷ ஆரவாரம் செய்தது. சிறுமியும் கை தட்டிக்கொண்டே கீழே ஓடினாள்.