ஹஸ்கிக்கு இந்த ஊர் வேண்டாம்

மாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவதால் புதுச்சேரி கடற்கரைச் சாலைக்கு நாய்களோடு வருபவர்கள் நிறைய. லாப்ரடார், பக், இப்போது ஹஸ்கியும். மே மாதப் புழுக்கத்தில், காந்தி சிலை பக்கத்தில் ஒரு ஹஸ்கி நாக்கு தொங்க, தரையில் வயிற்றை ஒட்டிப் படுத்துவிட்டது. இழுத்தும் எழவில்லை. பனியில் வண்டி இழுக்கப் பிறந்த உடம்பு, இரண்டு அடுக்கு ரோமம். பார்க்க மனசு கேட்கவில்லை. ஹஸ்கி, பக் உள்ளிட்ட இனங்களை இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்று தமிழ்நாடு அரசின் 2024 கொள்கை சொன்னது. நம் ஊருக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

நாட்டு இனமென்றால் எல்லாம் சரி என்றும் சொல்ல மாட்டேன். 2005-இல் தபால்தலையில் வந்த ராஜபாளையம் எவ்வளவு கம்பீரம்! ஆனால் தூய வெள்ளையை விரும்பி, உறவுக்குள்ளேயே இணைசேர்த்ததில் காது கேளாத குட்டிகளும் பிறக்கின்றன.

எங்கள் வீட்டில் இருப்பது சிப்பிப்பாறையும் தெருநாயும் கலந்தது. ஒரு காது நிமிர்ந்திருக்கும், ஒன்று மடிந்திருக்கும். அம்மா காய்ச்சலில் கிடந்தபோது கட்டிலடியை விட்டு நகரவே இல்லை.

குட்டி வாங்கப் போகிறவர்களே, விலை பேசும் முன் தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் வாங்காதீர்கள்.