கள்வனும் யாமும்

ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியில் 'கள்வன் பத்து' என்றொரு பத்து உண்டு. கள்வன் என்பது ஈண்டுத் திருடனைக் குறிப்பதன்று. நண்டினைக் குறிக்கும் பழஞ்சொல். அலவன், ஞெண்டு என்பனவும் அதன் பெயர்களே. இப்பெயர்களையெல்லாம் பிழையின்றி ஒப்பிக்க வல்லோம் என்னும் செருக்கு எமக்கு நிரம்ப உண்டு. அச்செருக்கு ஒரே நாளில், ஓர் ஆற்றுமுகத்தில் அடங்கிய வரலாற்றை எழுதப் புகுந்தோம்.

அப்பத்தினுள் ஒரு பாட்டு, நண்டு தன் தாய் சாவப் பிறப்பது என்னும் கருத்தைக் கூறும். ஆசிரியர் அதனை விளக்கிய அன்று, கடைசி வரிசையிலிருந்து எம் நண்பர் ஒருவர் எழுந்து, "குஞ்சு பொரிச்சா தாய் நண்டு சாகாதே, ஐயா!" என்றார். அவர் புன்னைக்காயலினர், தந்தையார் மீன்பிடித் தொழிலினர். வகுப்பு நகைத்தது. யாமோ நகைத்தலோடு அமையாது, "சங்கப் புலவர்க்குப் பிழைதிருத்தப் புன்னைக்காயலிலிருந்து ஒரு புலவர் எழுந்தருளியுள்ளார்" என்று அனைவரும் கேட்கக் கூறினோம். அவர் முகம் வாடி அமர்ந்தார். அதன்பின் ஆசிரியர் எதனை வினவினும் அவர் வாய் திறந்திலர்.

மாசி மாதத்து விடுமுறை வந்தது. அவரே எம் அறைக்கு வந்து, "எங்கள் ஊருக்கு வாரும், நண்டு பிடிக்கலாம்" என்றார். மறுக்கவும் நாணினோம், உடன்படவும் நாணினோம். எனினும் சென்றோம்.

பொதிகையிற் பிறந்த தாமிரபரணி மன்னார் வளைகுடாவிற் கலக்குமிடத்தே உள்ளது புன்னைக்காயல். முத்துக்குப் பெயர்பெற்ற பாண்டியர் துறையாகிய கொற்கை, ஆறு கொணர்ந்த மண்ணால் கடல் விலகி, இன்று சில கல் உள்ளே சிற்றூராய் இருக்கின்றது. ஆற்றின் வாய் கிழக்கே நகர்ந்தது. மக்களும் உடன் நகர்ந்தனர். அவ்வாயில் உப்புநீரும் நன்னீரும் கலக்கும் சேற்றிடையே அலையாத்தி மரங்கள் அடர்ந்துள்ளன. அவற்றின் வேர்ப்புறமே நண்டுகளின் உறையுள்.

விடியற்காலையில் நண்பரும் அவர் தந்தையாரும் யாமும் ஒரு சிறு வள்ளத்தில் ஏறினோம். இரும்பு வளையத்திற் பின்னிய வலையின் நடுவே மீன்தலையைக் கட்டி ஆற்றில் இறக்கினர். கயிற்றின் நுனியில் மிதவை ஒன்று நின்றது. "மெல்ல இழுத்தால் இறங்கி ஓடிவிடும், ஒரே தூக்காய்த் தூக்கும்" என்றார் நண்பர். யாம் மும்முறை மெல்ல இழுத்து மும்முறையும் வெறுவலை கண்டோம். நான்காம் முறை வலையில் கரும்பச்சை நிறத்ததாய் ஒரு சேற்றுநண்டு கிடந்தது. கவ்வுகால் இரண்டு, நடைக்கால் ஆறு, துடுப்புப்போல் தட்டையான பின்கால் இரண்டு. அலவன் என்று நூறுமுறை எழுதிய யாம், அதன் பின்கால் துடுப்பென்பதை அன்றே அறிந்தோம்.

வெற்றிக் களிப்பில் அதனை எடுக்கக் கை நீட்டினோம். மறுகணமே சுட்டுவிரல் அதன் பிடியில் அகப்பட்டது. உதறினோம், பிடி இறுகிற்று. நண்பர் எம் கையைப் பற்றி நண்டோடு நீருள் அமிழ்த்தினார். அது விரலை விட்டுச் சேற்றுள் மறைந்தது. தந்தையார் துடுப்பை நிறுத்தி, "நண்டு கொழுத்தால் வளையில் இராது என்பார்கள், தம்பி" என்று நகைத்தார். அவர் நண்டைத்தான் சொன்னார். எமக்கோ வகுப்பறை நினைவுக்கு வந்தது.

வெயில் ஏறுமுன் ஏழு நண்டுகள் அகப்பட்டன. நண்பர் ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்தார். வயிற்று மூடி குறுகியிருப்பின் ஆண். அகன்று வளைந்திருப்பின் பெண். அகன்ற மூடியுடைய இரண்டை ஆற்றிலேயே விட்டார். ஏன் என்றோம். "இவை முட்டையிடக் கடலுக்குப் போகும். குஞ்சுகள் கடலில் வளர்ந்து, பின் இவ்வாற்றுக்கே வரும். தாய் சாவதில்லை, மீண்டும் முட்டையிடும். வயல்நண்டு வேறு. அது கடலுக்குப் போகாது; குஞ்சுகளை வயிற்று மூடிக்குள் சுமந்து திரியும். அதுவும் குஞ்சு பொரித்ததனால் சாவதில்லை" என்றார். அன்று வகுப்பில் அவர் சொல்ல எழுந்தது இதுவே. யாம் சொல்லவிடவில்லை.

சேற்றுக் கரையில் ஒரு நண்டு செத்துக் கிடக்கக் கண்டோம். எடுத்தால் காற்றுப்போல் கனமற்றிருந்தது. "செத்ததன்று; ஓடு கழற்றிப் போயிருக்கிறது" என்றார் நண்பர். கால், கண், மூடி அனைத்தும் அவ்வோட்டில் அப்படியே இருந்தன. இத்தகைய ஓட்டினருகே குஞ்சுகள் திரியக் கண்டுதான் தாய் இறந்ததென முன்னோர் கருதினரோ என்று எமக்குத் தோன்றிற்று. இஃது எம் ஊகமே. ஆயினும் நண்பரின் வினா இன்றேல் இவ்வூகமும் பிறந்திராது.

வள்ளத்தில் திரும்புகையில், "அன்று வகுப்பில் யாம் கூறியது பெரும் பிழை, பொறுத்தருள்க" என்றோம். அவர் நெடுநேரம் விடை கூறவில்லை. பின்னர்க் கூடையிலிருந்த ஒரு நண்டைக் காட்டினார். அதன் கவ்வுகால்களுள் ஒன்று பெரிது, மற்றொன்று விரலளவே. "ஒடிந்த கால். ஒவ்வொரு முறை ஓடு கழற்றும்போதும் கொஞ்சம் கொஞ்சமாய் வளரும்" என்றார். அதற்குமேல் யாமும் கேட்கவில்லை.

1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலைத் தமிழிற் பெயர்த்தவர் அண்டிரிக்கு அடிகளார். போர்த்துக்கல் நாட்டினராகிய அவர் முத்துக்குளித்துறைக் கரையில் பல்லாண்டு வாழ்ந்து, அக்கரை மக்களிடையே தமிழ் பயின்றவர். கடல்கடந்து வந்தவர் செவிசாய்த்துக் கேட்ட பேச்சையன்றோ, உடன் பயிலும் யாம் நகைத்தோம்!

விடுமுறை கழிந்து மீண்டும் அப்பாட்டு வந்தபோது, யாம் எழுந்து, "ஐயா, நண்பர்க்கு இங்கே சொல்ல ஒன்று உண்டு" என்றோம். அவர் எழுந்தார், கடற்கரைப் பேச்சிலேயே சொன்னார். ஆசிரியர் இறுதிவரை கேட்டுத் தம் நூலின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். யாமும் குறித்துக்கொண்டோம். எழுதும்போது சுட்டுவிரல் சிறிது நொந்தது.