கைக்கு வரும் சேதி

கார்ப் பைத்தியங்கள் நாலு பேர் ஒன்றுகூடினால் பேச்சு குதிரைத்திறனில் தொடங்கி எக்ஸாஸ்ட் சத்தத்தில் முடியும். ஸ்டீயரிங் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பேசினாலும், ‘ரொம்ப லைட்டா இருக்குடா’ என்பதோடு சரி. அம்மா ஓட்டும் மைவிக்கு அது வரம். சந்தை நாளில் ஒற்றை விரலால் திருப்பி ஓரங்கட்டிவிடலாம். ஆனால் ஸ்போர்ட்ஸ் காரில் அதே லேசுத்தன்மை ஏன் குறையாகிறது?

என்னிடம் இருப்பது 1990களின் தொடக்கத்தில் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5. ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்கப்பட்டது. 1.6 லிட்டர் இன்ஜின், இரண்டே இருக்கை, ஒரு டன்னை எட்டாத எடை. வேகத்துக்காக யாரும் இதை வாங்க மாட்டார்கள். வளைவுகளுக்காக வாங்குவார்கள். நானும் பத்துமலையிலிருந்து உலு யாம் போகும் சாலைக்காகத்தான் வாங்கினேன். அங்கே மழை விட்ட காலைகளில் மூங்கில் இலைகள் தாரில் ஒட்டிக் கிடக்கும். எந்த வளைவு காய்ந்திருக்கிறது, எது வழுக்கும் என்பது கண்ணுக்குத் தெரியாது. அதைக் கைதான் சொல்ல வேண்டும்.

முன்சக்கரம் வளைவில் திரும்பும்போது, தன்னைத்தானே நேராக்கிக்கொள்ளப் பார்க்கும். ஸ்டீயரிங்கில் நாம் உணரும் பாரத்தில் பெரும்பகுதி அந்தப் பிடிவாதம்தான். வளைவில் அழுத்தம் கூடக் கூட பாரமும் ஏறும். டயர் தன் பிடியின் எல்லையை நெருங்கும்போது, பிடி முழுதாக விடுவதற்குச் சற்று முன்பே, அந்தப் பாரம் குறையத் தொடங்கும். அதுதான் எச்சரிக்கை. எப்போதுமே லேசாக இருக்கும் ஸ்டீயரிங்கில் இந்தக் குறைதலைக் கண்டுபிடிப்பது கடினம். கத்திக்கொண்டே இருக்கும் மனிதனின் கோபத்தைக் கண்டுபிடிக்க முடியாததுபோல.

பவர் ஸ்டீயரிங்கைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. 1926இல் அதை ஒரு காரில் பொருத்தி ஓட்டிக் காட்டிய ஃபிரான்சிஸ் டேவிஸ், பியர்ஸ்-ஆரோ நிறுவனத்தின் லோரிப் பிரிவில் பொறியாளராக இருந்தவர். லோரிகளின் ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டுபவர்களைப் பார்த்திருப்பார். கடைகளில் விற்கும் காருக்கு அது வந்து சேர இன்னும் 25 வருடம் ஆனது. 1951இல் கிரைஸ்லர் இம்பீரியலில் வந்தது.

என் காரில் இருப்பது ஹைட்ராலிக் வகை. ஸ்டீயரிங் தண்டுக்குள் ஒரு மெல்லிய கம்பி உண்டு. நாம் திருப்பும்போது அது கொஞ்சம் முறுகும். முறுகினால் வால்வு திறந்து, பம்ப் தள்ளும் எண்ணெய் ரேக்கின் ஒரு பக்கத்தை அழுத்தும். நம் கைக்குத் துணையாக இன்னொரு கை.

நான் கார் விடும் பட்டறையில் ஃபோர்மன் ஒரு சீன அங்கிள். ஓட்டிப் பார்த்துவிட்டு, “தெர்லாலு ரிங்கான்” என்றார். ரொம்ப லேசு. “பம்ப்பைக் கழட்டிரு. ரேக்கைத் திறந்து உள்ளே இருக்கிற சீலை எடுத்து, முறுகுற கம்பியோட ஆட்டத்தை வெல்டிங் வெச்சு நிப்பாட்டிடலாம்” என்று மலாயில் விளக்கினார். எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்களிடையே இது பிரபலமான வைத்தியம். செய்தவர்கள் சத்தியம் செய்து சொல்வார்கள், வேறு காராகிவிடும் என்று. நம்புகிறேன். ஆனால் பவர் இல்லாத எம்எக்ஸ்-5க்கு மாஸ்டா கொடுத்த ரேக்கின் விகிதம் 18:1. பவர் ரேக்குக்கு 15:1. உதவியைப் பிடுங்கிவிட்டு விகிதத்தை அப்படியே வைத்தால், உதவியே இல்லாமல் பிறந்த காரைவிட இது கனமாக இருக்கும்.

அந்தக் கனத்தை என் கை தாங்கும். அப்பாவின் கை தாங்காது.

அப்பா இருபது வருடத்துக்கு மேல் செம்பனைக் குலை லோரி ஓட்டியவர். பவர் ஸ்டீயரிங் இல்லாத லோரி. இப்போது அவருடைய வலது தோள்பட்டைக்கு மேலே கை எழாது. சட்டையை இடது கையிலிருந்துதான் கழற்றுவார். ஞாயிற்றுக்கிழமை கிள்ளானிலிருந்து கோல சிலாங்கூர் வரை என் காரை அவர்தான் ஓட்டுவார். ‘பொம்மைக் காடி’ என்று கிண்டல் செய்துகொண்டே ஓட்டுவார்.

ஸ்டீயரிங்கைக் கனமாக்கப் போகிறேன் என்றதும் அவருக்குப் புரியவில்லை.

“லேசா இருக்குறத எதுக்குடா கனமாக்குற?”

“ரோடு கையில தெரிய மாட்டேங்குதுப்பா.”

“எனக்குத்தான் தெரிஞ்சுச்சே. ராத்திரி படுத்தாலும் தெரியும்.”

பாரத்தை விரும்பிக் கேட்கும் தலைமுறை நாங்கள். அவருக்கு அது சம்பளத்தோடு வந்தது. இதை எப்படி நினைத்தாலும் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

பம்ப்பைக் கழற்றவில்லை. முதலில் டயர் காற்றைப் பார்த்தேன். டயர் கடையில் எல்லாக் காருக்கும் போடுவதுபோல 35 பிஎஸ்ஐ அடித்திருந்தார்கள். இந்தக் காருக்குச் சொல்லப்பட்டது 26. காற்று கூடினால் டயர் தரையில் பதியும் பரப்பு குறையும், ஸ்டீயரிங்கும் லேசாகும். ஒரு காசு செலவில்லாமல் கால்வாசிக் குறை தீர்ந்தது. அடுத்தது காஸ்டர். மோட்டார் சைக்கிளின் முன்ஃபோர்க் சாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கையை விட்டாலும் அது நேராக ஓடுவதற்கு அந்தச் சாய்வும் ஒரு காரணம். காரின் முன்சக்கரத்துக்கும் அதே சாய்வு உண்டு. சாய்வு கூடினால், சக்கரம் நேராகத் திரும்பத் துடிக்கும் பிடிவாதமும் கூடும். எம்எக்ஸ்-5இல் கீழ்க்கைகளின் அடியில் இருக்கும் போல்ட்டுகளைத் திருகியே இதை மாற்றலாம். அங்கிள் இரண்டு பக்கமும் 5.5 டிகிரிக்குக் கொண்டுவந்தார். ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைந்தால் கார் ஒருபக்கமாக இழுக்கும் என்பதால் அதற்கே ஒரு மணி நேரம் பிடித்தது.

புதுக் கார்களில் ‘ஸ்போர்ட்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் மின்மோட்டார் உதவியைக் குறைத்துக்கொள்ளும், ஸ்டீயரிங் கனக்கும். நான் ஓட்டிப் பார்த்தவற்றில் பலவற்றில் கனம் மட்டும்தான் வந்தது, சேதி வரவில்லை. உப்பில்லாத குழம்பில் மிளகாய்த்தூள் கொட்டுவதைப் போன்ற வேலை அது. காஸ்டர் அப்படி இல்லை. உலு யாமில் மறுநாள் காலை, வளைவின் நடுவில் ஸ்டீயரிங் கைக்குள் மெல்ல இறுகியது. ஈர இலைகள் மேல் ஏறியபோது ஒரு நொடி தளர்ந்து மீண்டும் இறுகியது. அந்த ஒரு நொடி எனக்குப் போதும். பம்ப் இருப்பதால், நின்ற இடத்தில் திருப்பும்போது பழைய லேசு அப்படியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா ஓட்டினார். கட்டை விரல்கள் இரண்டையும் வட்டத்துக்கு வெளியே வைத்துத்தான் பிடிப்பார். தோட்டத்துப் பாதையில் சக்கரம் கல்லில் மோதினால் ஸ்டீயரிங் வெடுக்கென்று சுழலும், உள்ளே இருக்கும் விரலை உடைத்துவிடும். அந்தக் காலத்துப் பழக்கம். கோல சிலாங்கூர் வரும்வரை அவர் எதுவும் சொல்லவில்லை.

“எவ்ளோ ஆச்சு?”

“எம்பது வெள்ளி.”

“கனமாக்குறதுக்கா?”

சிரித்துக்கொண்டே கடைக்கு முன் காலி இடத்தைப் பார்த்தார். காரைக் கொஞ்சம் உருளவிட்டு, உருளும்போதே ஸ்டீயரிங்கைத் திருப்பி உள்ளே விட்டார்.