காடு மூடிய காணி செத்த காணியா?



குரக்கனை ஏழைகளின் உணவென்று ஒரு காலத்தில் ஒதுக்கிவைத்தோம். சீனி வருத்தம் வீட்டுக்கு வீடு வந்த பின்னர் அதே குரக்கனுக்கு மவுசு வந்துவிட்டது. "பழையது திரும்பி வந்திருக்கிறது" என்கின்றோம். உண்மையில் குரக்கன் எங்கும் போகவில்லை. எமது விருப்பம்தான் போய்த் திரும்பியது.

'திரும்பி வருதல்' என்ற ஒன்றுக்குள் நாம் அடக்கிவிடும் பலவற்றை அரபு மொழி வெவ்வேறு சொற்களால் பிரித்துக் காட்டுகின்றது. மரணித்தோர் கப்றுகளிலிருந்து எழுப்பப்படுவது 'பஃத்'. அதையே குறிக்கும் இன்னொரு சொல்லான 'நுஷூர்', விரித்தல், பரப்புதல் என்ற வேரிலிருந்து வந்தது. காலையில் கண்விழித்ததும் நாம் ஓதும் துஆ இந்தச் சொல்லோடுதான் முடிகின்றது. 19ஆம் நூற்றாண்டில் எகிப்திலும் ஷாமிலும் ஏற்பட்ட அறிவு விழிப்பை அரபிகள் 'நஹ்ழா' என்றனர். எழுந்து நிற்றல் என்பது அதன் பொருள். நாம் அதை மறுமலர்ச்சி என்கின்றோம். தமிழ் பூவைப் பார்த்தது. அரபு, உட்கார்ந்திருந்தவன் எழும்புவதைப் பார்த்தது.

இன்னொரு சொல் 'இஹ்யா', அதாவது உயிர்ப்பித்தல். ஹிஜ்ரி 505இல் (கி.பி. 1111) வபாத்தான இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது பெருநூலுக்கு 'இஹ்யாஉ உலூமித்தீன்' என்று பெயரிட்டார்கள். பிக்ஹு நூல்களில் இச்சொல் மண்ணுக்கு வருகின்றது. எவருக்கும் உரிமையில்லாத தரிசு நிலத்தைத் திருத்திப் பயன்படுத்துவது 'இஹ்யாஉல் மவாத்', இறந்த நிலத்தை உயிர்ப்பித்தல்.

பெண்களுக்கான வகுப்பொன்றில் இதை விளக்கியபோது, மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு தாய் கேட்டார்: "ஹஸரத், எங்கட வாப்பாட காணியும் காடு பத்திப் போச்சு. அதுவும் மௌத்தான காணியா?"

1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் 70,000க்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். பெரும்பாலானோர் புத்தளத்தில் தஞ்சமடைந்தனர். 2009இல் யுத்தம் முடிந்து திரும்பிச் சென்றோரில் பலர் கண்டது, வீடிருந்த இடத்தில் வளர்ந்து நின்ற பற்றைக்காட்டைத்தான்.

அந்தத் தாய்க்கு நான் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கின்றேன். எமது ஷாபிஈ மத்ஹபின்படி, ஒரு முஸ்லிமுக்கு உரிமையாயிருந்த காணி, பாழடைந்து போனாலும் 'மவாத்' ஆகாது. அது உரியவருக்கே சொந்தம். அவர் மரணித்தால் வாரிசுகளுக்குச் சொந்தம். அதை வெட்டித் துப்புரவாக்கிய காரணத்தால் மட்டும் வேறொருவர் உரிமை கோர முடியாது. காடு மூடுவது மரணமல்ல. அந்த மண் தூங்குகின்றது, அவ்வளவுதான்.

அந்த வாரிசுகளில் பெண்மக்களும் அடங்குவர் என்பதை மறந்துவிடாதீர்கள். உங்கள் உம்மாவின் பெயரிலோ வாப்பாவின் பெயரிலோ காணி இருந்தால், அதன் உறுதி யாரிடம் உள்ளதென இன்றே கேளுங்கள். தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் தேடிப்பாருங்கள். எல்லை தெரிந்த பெரியவர்கள் உயிரோடிருக்கும்போதே எல்லையைக் கேட்டு எழுதி வையுங்கள்.

மவுசு தானாக வரும், தானாகப் போகும். மரணித்தோரை எழுப்புவது அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள இஹ்யா எமது கைகளுக்குத் தரப்பட்ட வேலை.