முழுநிலவும் முதற்கதிரும்

பெரிய வியாழன் இரவு ஆராதனையை முடித்துக் கோயிலைப் பூட்டிக்கொண்டிருந்தேன். புதூர்நாட்டு மலைகளின்மேல் நிலவு பாலாய்ப் பொழிந்துகொண்டிருந்தது. சாமை பயிரிடும் முதியவர் ஒருவர் அருகில் வந்து, "சாமி, ஆண்டவர் பொறந்த நாள் வருசாவருசம் ஒரே தேதியில வருது; செத்த நாள் மட்டும் ஏன் மாறிமாறி வருது?" என்றார்.

நான் நிலவைச் சுட்டிக்காட்டினேன். யூதர்களின் மாதம் பிறையோடு பிறக்கிறது. நிசான் மாதம் 14-ஆம் நாள் மாலையில், நிலவு நிறையும் வேளையில், பாஸ்கா ஆட்டுக்குட்டியை வெட்ட வேண்டும் என்கிறது விடுதலைப் பயண நூல். ஆண்டவர் இறந்தது அந்தத் திருவிழாக் காலத்தில். ஆகவேதான் வசந்தகால முதல் முழுநிலவை அடுத்த ஞாயிறு நமக்கு உயிர்ப்புப் பெருவிழா ஆயிற்று.

முதியவர் தலையசைத்தார். எனக்கோ பழைய கேள்வி ஒன்று நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. நான் இளங்குருவாய் இருந்தபோது மறைக்கல்வி வகுப்பில் ஓர் இளைஞன் எழுந்தான். "மாற்கு நற்செய்தியில் இராவுணவே பாஸ்கா உணவு. யோவான் நற்செய்தியிலோ ஆண்டவர் இறந்த பிறகுதான் மக்கள் பாஸ்கா உண்கிறார்கள். எது சரி, சாமி?" என்றான். குருமடத்தில் நான் படித்த கேள்விதான். ஆயினும், "விசுவாசம் இருந்தால் போதும், உட்கார்" என்று அதட்டினேன். அடுத்த வாரம் முதல் அவன் வரவில்லை.

அன்று சொல்லாததை இன்று சொல்கிறேன். யூதர்களுக்கு நாள் தொடங்குவது மாலையில். ஒத்தமை நற்செய்திகளின்படி சிலுவைச் சாவு நிசான் 15, யோவானின்படி 14. குழுவொன்றின் கதிரவன் நாள்காட்டியைக் கொண்டு இரண்டையும் இணைக்க 1957-இல் ஆனி ஜோபேர் என்னும் அறிஞர் முயன்றார். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2011-இல் வெளியிட்ட நூலில் யோவானின் கணக்கே வரலாற்றுக்குப் பொருத்தமானது என்று கருதினார். வானியல் கணக்கில் கி.பி. 30 ஏப்ரல் 7, 33 ஏப்ரல் 3 ஆகிய இரு வெள்ளிகள் இதற்குப் பொருந்துகின்றன. வெள்ளிக்கிழமை, பாஸ்கா விழா, பிலாத்துவின் தீர்ப்பு ஆகியவற்றில் நால்வருக்கும் வேறுபாடில்லை.

யோவானின் கணக்கில் ஒரு மறைபொருளும் உண்டு. ஆலயத்தில் ஆட்டுக்குட்டிகள் வெட்டப்படும் பிற்பகலில் கல்வாரியில் ஆண்டவர் உயிர்விடுகிறார். பாஸ்கா ஆட்டின் எலும்பை முறிக்கலாகாது என்பது சட்டம். அவருடைய கால்களும் முறிக்கப்படவில்லை. எகிப்தில் கதவுநிலைகளில் இரத்தம் தெளிக்கப் பயன்பட்ட ஈசோப்புச் செடியே சிலுவையடியிலும் காணப்படுகிறது. மத்தேயு, மாற்கு, லூக்கா மூவருமோ அந்த விழாவின் விருந்தையே அவர் தம் உடலாகவும் இரத்தமாகவும் ஆக்கினார் என்கிறார்கள். விருந்தும் பலியும் ஒரே ஆட்டுக்குட்டியே.

இதைச் சுருக்கமாகச் சொன்னபோது முதியவர் சாமைக்கதிரை நினைத்தார். "மொத அறுப்புக் கதிரைச் சாமிக்குத்தானே கொண்டாருவோம்" என்றார். வியந்துபோனேன். பாஸ்காவை அடுத்த ஓய்வுநாளின் மறுநாள் முதற்கதிரைக் காணிக்கையாக்க லேவியர் நூல் பணிக்கிறது. உயிர்த்த கிறிஸ்துவைப் பவுலடியார் முதற்கனி என்று அழைப்பதும் இந்த வழக்கை ஒட்டியே. முதற்கதிர் வந்துவிட்டதென்றால் முழு அறுவடை பின்னே இருக்கிறது என்பது பொருள். நம் கல்லறைகளுக்கும் அதுவே நம்பிக்கை.

"அப்போ அன்னைக்கும் இதே நிலாதானா, சாமி?"

"இதே நிலாதான், பெரியவரே."

அவர் ஒற்றையடிப் பாதையில் இறங்கி நடந்தார். அந்த இளைஞன் இன்று எங்கிருக்கிறானோ! இந்தப் பக்கம் அவன் கண்ணில் படுமானால், மறுமொழி சொல்லாத குருவை மன்னிப்பானாக.